கொல்லையில் ஐந்து தென்னம்பிள்ளை: காண்டாமிருக வண்டோடு நான்கு வருஷம்

2021 ஜூலையில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். மூன்றாவது தென்னம்பிள்ளையில் புது மட்டை ஒன்று அப்போதுதான் விரிந்திருந்தது. இரண்டு பக்கத்துக் கீற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி ஆங்கில ‘வி’ வடிவத்தில் வெட்டு. முதலில் ஆடு மேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆடு இவ்வளவு கணக்காக மேயுமா?

கலர் பேப்பரை மடித்து ஒரு ஓரத்தில் கத்தரித்துவிட்டுப் பிரித்தால் வரிசையாக ஓட்டை விழுமே, தோரணம் செய்வதற்கு, அதேதான் இது. மட்டை விரிவதற்கு முன் குருத்துக்குள் விசிறியாக மடிந்து கிடக்கும். காண்டாமிருக வண்டு பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு உள்ளே போய் இளங்குருத்தைக் கடித்துச் சாறு உறிஞ்சும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. மட்டை வெளியே வந்து விரிகிறபோதுதான் வெட்டு தெரியும். தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விடும். ஆகவே நான் அன்று பார்த்தது பழைய சேதம். வண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது. இது புரியவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை வெட்டுப்பட்ட மட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மருந்து எதை அதன் மேல் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது கொல்லையில் ஒன்பது தென்னை இருந்தது. விடிந்து பின்கதவைத் திறந்தால் முழுசாக நின்றவை இரண்டு. ஐந்து வேரோடு சாய்ந்துவிட்டன. இரண்டு பாதியில் முறிந்து மொட்டையாக நின்றன. சுற்றுவட்டாரமே அப்படித்தான் கிடந்தது. எல்லார் கொல்லையிலும் மரம் விழுந்து கிடக்கும்போது யார் வந்து யார் மரத்தை வாங்குவார்கள்? சாய்ந்ததைத் துண்டு போட்டோம். நல்ல துண்டுகளை வாய்க்கால் மேல் பாலமாகவும், வேலியோரம் அணையாகவும், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்காரும் பெஞ்சாகவும் போட்டோம். மீதியை ஒரு மூலையில் அடுக்கினோம். ஒன்றையும் வீணாக்கவில்லை என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது. கதையின் வில்லன் இங்கேதான் வருகிறான்.

2020 ஜனவரியில் ஐந்து பிள்ளை வைத்தேன். (வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) பக்கத்திலேயே வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருப்பது வசதி. ஐந்தும் நெட்டை ரகம், ஒரு வயதுப் பிள்ளைகள். ஆறேழு மட்டை இருக்க வேண்டும், கழுத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது, இந்த இரண்டையும் பார்த்து எடுத்தேன். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் குழி. இரண்டடிக்கு மேல்மண்ணும் மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்பி, நடுவில் நெற்று புதைகிற அளவுக்கு மட்டும் சின்னக் குழி பறித்து வைத்தேன். கழுத்து மண்ணுக்குள் போகக் கூடாது. மரத்துக்கு மரம் 25 அடி. முதல் கோடைக்கு மேற்குப் பக்கம் கீற்று முடைந்து நிழல் கட்டினேன். நடுகிற வேலை அவ்வளவுதான். தென்னையில் நடுவது சுலபம். அதைக் காப்பாற்றுவதுதான் பாடு.

சரி, வண்டுக்கு வருகிறேன்.

தேங்காய் பறிக்க வருகிற அண்ணனிடம் வெட்டுப்பட்ட மட்டையைக் காட்டினேன். அவர் மட்டையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குருத்தின் அடிக்குப் போய்ப் பன்னாடையை, அதாவது மட்டை அடியைச் சுற்றியிருக்கும் வலை மாதிரி நாரை, விலக்கினார். பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டை வாயில் மென்று துப்பியது போல் ஈர நார்ச்சக்கை பிதுங்கிக்கொண்டிருந்தது.

“ஆளு உள்ளதான் இருக்கான் தம்பி. சக்கை காஞ்சிருந்தா போயிட்டான்னு அர்த்தம். இது ஈரமா இருக்கு பாருங்க.”

அவரிடம் நுனியில் முள் போல் வளைத்த நீளக் கம்பி இருந்தது. ஓட்டைக்குள் விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கையாலேயே தேடினார். கம்பி எதிலோ முட்டியதும் ஒரு திருகு, ஒரு இழுப்பு. கருப்பாக, பளபளவென்று, நான்கைந்து செ.மீ. நீளத்தில் ஒரு வண்டு கொக்கியில் மாட்டி வந்தது. தலையில் பின்பக்கமாக வளைந்த கொம்பு. கால்களை உதைத்துக்கொண்டு கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டது. வண்டு கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் அதைத் திருப்பி வால்பக்கத்தைக் காட்டினார். அங்கே செம்பட்டையாக மயிர் அடர்ந்திருந்தது. “பொட்ட.” கொம்பு நீளமாக இருந்து பின்னால் மயிர் அடர்த்தியில்லாமல் இருந்தால் ஆண்.

அவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் நானே ஒரு கம்பி செய்துகொண்டேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் ஒரு முனையை உரசிக் கூராக்கி, கால் அங்குலம் மடக்கினால் போதும். மறுமுனையில் ஒரு மரப்பிடி. இளம்பிள்ளைக்கு இந்த நீளம் சரியாக வரும். ஒரு எச்சரிக்கை: கோபத்தில் கண்டபடி குத்தக் கூடாது. குருத்தின் உயிர்முனை உள்ளே ஆழத்தில் இருக்கிறது. தென்னைக்குக் கிளை கிடையாது, அந்த ஒரு முனை போனால் மரமே போயிற்று. ஓட்டை எந்தச் சாய்வில் போகிறதோ அந்தச் சாய்விலேயே கம்பி போக வேண்டும். வண்டை எடுத்தபின் ஓட்டையை வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து அடைத்துவிட வேண்டும்.

அதற்கடுத்த ஆறு மாதம் நான் செய்ததையெல்லாம் ஒரு பழைய டைரியில் குறித்திருக்கிறேன். இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. மரத்துக்கு 150 கிராம் கணக்கில், நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போட்டேன். மணல் சும்மா இல்லை. வண்டு இடுக்கில் புகும்போது அதன் உடல் மடிப்புகளில் மணல் உறுத்தும். பிறகு பாச்சை உருண்டை, அதாவது துணிப்பெட்டியில் போடுகிற அந்துருண்டை. இடுக்குக்கு ஒன்றாக மரத்துக்கு மூன்று, மேலே கொஞ்சம் மணல் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை. நம் ஊர் வெயிலில் அது 45 நாளெல்லாம் தாங்குவதில்லை என்பது என் அனுபவம். மூன்று வாரத்திலேயே பட்டாணி அளவுக்குக் கரைந்துவிட்டது. அப்புறம் ஆமணக்குப் புண்ணாக்குப் பானை. ஒரு கிலோ புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, வாய் மட்டும் தெரிய மண்ணில் புதைத்துவைத்தால் நாற்றத்துக்கு வண்டு வந்து விழும். விழுந்தது, ஒரு வாரத்தில் ஐந்தாறு. ஆனால் அந்த நாற்றம் சமையல்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. “வண்டு வருதோ இல்லையோ, இந்த வீட்டுக்கு இனிமே சொந்தக்காரங்க வரமாட்டாங்க” என்று என் மனைவி சொன்னதோடு பானையை வேலியோரம் தள்ளிவைத்தேன்.

இத்தனை செய்தும் டைரியில் வண்டுக் கணக்கு குறையவில்லை. வாரம் இரண்டு, மூன்று. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. எங்கிருந்து வருகின்றன என்று நான் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. காட்டிலிருந்து வரும் என்று நினைத்தேனோ என்னவோ. எங்கள் ஊரில் காடு ஏது?

2022 பிப்ரவரியில் பதில் கிடைத்தது. சித்தப்பா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வழக்கமாக உட்காரும் தென்னந்துண்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே உள்ளே போய்விட்டார். தூக்கிவிட்டேன். அடியொன்றும் படவில்லை, வேட்டியில்தான் பழுப்பு நிறத்தில் தூள் அப்பியிருந்தது. அவர் இடுப்பைத் தட்டிக்கொண்டே குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, மரத்துல ஏறி வண்டு பிடிக்கிற, இங்க பண்ணையே வச்சிருக்கியேடா” என்றார.

தென்னந்தண்டின் வெளிப்பக்கம் வைரம், அதாவது கெட்டிக் கட்டை; உள்பக்கம் சோறு, அதாவது மெத்தென்ற பகுதி. வெளியே பார்க்கத் துண்டு கல் மாதிரி இருக்கும். உள்ளே சோறு முழுக்க மக்கி, ஈரமான காப்பித்தூள் மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தூளுக்குள் வெள்ளைப் புழுக்கள், சில சுண்டுவிரல் தடிமன், சில பெருவிரலை மிஞ்சின. பழுப்புத் தலை, உடம்பை அரைவட்டமாகச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அறை செய்துகொண்டு கிடந்தன. ஒரே துண்டில் முப்பதுக்கு மேல் எண்ணினேன்.

இதைத்தான் முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். காண்டாமிருக வண்டு தென்னைக்கு வருவது சாப்பிட மட்டும். அது முட்டையிடுவதும் புழு வளர்வதும் கூட்டுப்புழுவாகத் தூங்குவதும் மக்கிய தென்னங்கட்டை, சாணக்குழி, குப்பைமேடு இவற்றில். முட்டை பத்து பன்னிரண்டு நாளில் பொரியும். புழுவாக மூன்று நான்கு மாதம், கூட்டுப்புழுவாக மூன்று வாரம் போல. அப்புறம் வண்டாகப் பல மாதம் உயிரோடு இருக்கும். நான் கம்பியால் பிடித்துக்கொண்டிருந்தது விருந்தாளிகளை. வீட்டை நானே என் கையால் கட்டிக் கொடுத்திருந்தேன், அதுவும் கஜாவில் விழுந்த என் மரங்களிலேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடப்பாரையும் கோடரியும்தான். வாய்க்கால் பாலம், வேலி அணை, மூலை அடுக்கு எல்லாவற்றையும் பிளந்தோம். மொட்டையாக நின்ற இரண்டு மரங்களையும் ஆள் வைத்து வெட்டினேன். அவற்றின் உச்சியில்தான் கூட்டம் அதிகம். பிளந்த சிம்புகளை ஒரு மாதம் வெயிலில் காயப்போட்டு, நெல் அவிக்க எரித்தோம். புழுக்களைக் கோழி பார்த்துக்கொண்டது. எட்டு கோழி மதியத்துக்கு மேல் நடக்க முடியாமல் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டன.

அடுத்து சாணக்குழி. இரண்டு மாடு வைத்திருக்கிறோம், குழி எட்டடிக்கு ஆறடி. அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரையில்தான் எருவை அள்ளுவோம். ஒரு வருஷம் என்றால் வண்டுக்கு இரண்டு தலைமுறை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடி வரை கிளறுகிறேன். புழு வண்டாக மாறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கிளறும்போது கிடைக்கிற எல்லாப் புழுவும் எதிரி கிடையாது. கொஞ்சம் சின்னதாக, தரையில் விட்டால் மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போகும் ஒரு வகை உண்டு. அது பூ வண்டின் புழு, எருவை மக்க வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. அதைக் குழியிலேயே திரும்பப் போட்டுவிடுவேன். கோழியிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

குழிக்குப் பச்சைப் பூஞ்சாணமும் போட்டேன். மெட்டாரைசியம் என்று உயிர் உரக் கடையில் கேட்டால் பொடியாகவோ திரவமாகவோ கிடைக்கும். தண்ணீரில் கரைத்து, எருவை அடுக்கு அடுக்காகக் கிளறும்போதே தெளிக்க வேண்டும். மேலோடு தெளித்துவிட்டுப் போனால் வெயிலில் செத்துப்போகும். சூடு கிளம்புகிற புதுச் சாணத்தில் போட்டும் பிரயோசனமில்லை, ஈரமும் நிழலும் வேண்டும். இரண்டாம் தடவை கிளறியபோது நான்கு புழுக்கள் சாக்குக்கட்டி மாதிரி விறைத்துக் கிடந்தன. ஒன்றின் மேல் முதலில் வெள்ளை பூத்து, அதற்கும் மேல் பாசிப்பச்சையில் மாவு படிந்திருந்தது. பூஞ்சாணம் வேலை செய்ததற்கு அதுதான் அடையாளம். அந்தப் புழுக்களை எறியவில்லை. உடைத்து எருவிலேயே கலந்துவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த உபாயம் வலை. மல்லிப்பட்டினத்தில் மீன்பிடிக்கிற நண்பர் ஒருவர் கிழிந்த நைலான் வலை ஒரு மூட்டை கொடுத்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, குருத்தைச் சுற்றி மட்டை இடுக்குகளில் தளர்வாகச் செருகிவிட்டேன். ராத்திரி பறந்து வரும் வண்டு இடுக்கில் இறங்கும்போது காலும் கொம்பும் வலையில் மாட்டிக்கொள்ளும். முள்ளுக்கால் ஆகையால் உதற உதற இன்னும் சிக்கும். மருந்து வேண்டாம், 45 நாள் கணக்கு வேண்டாம். புது மட்டை வர வர வலையை நகர்த்தி வைக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை. இறுக்கிச் சுற்றினால் குருத்து விரிய முடியாமல் கோணிக்கொள்ளும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன். சாணக்குழியின் மேலும் ஒரு வலை விரித்திருக்கிறேன்.

2022 ஐப்பசிக்குள் வாரம் மூன்று என்பது மாதம் இரண்டு என்று குறைந்தது. பூஜ்யம் ஆகவில்லை. காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறார். கஜாவில் விழுந்த மரங்கள் அவர் கொல்லையில் விழுந்த இடத்திலேயே கிடந்தன, மேலே கோவைக்கொடி படர்ந்து. நான் வாட்ஸ்அப்பில் ஒரு புழுப் படத்தை அனுப்பினேன். “அண்ணே, இதை நீங்க வளர்க்கிறீங்க, நான் சாப்பாடு போடுறேன்” என்று எழுதினேன். சிரித்துவிட்டு, “எடுத்துக்கப்பா, விறகு உனக்கு” என்றார். இரண்டு நாள் வேலை. அந்த விறகு அடுத்த பொங்கல் வரை வந்தது.

ஒரு மரத்தைச் சாகக் கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன். அது முழுக்க என் தப்பு.

2023 செப்டம்பர். இரண்டாவது பிள்ளையின் கீழ்மட்டைகள் பாதையில் நீட்டிக்கொண்டு, மூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸல் போக இடைஞ்சலாக இருந்தன. நான்கு பச்சை மட்டையை அரிவாளால் தண்டை ஒட்டி அழகாகச் சீவினேன். பார்க்கச் சவரம் செய்த மாதிரி இருந்தது. பச்சைக் காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டுக்கு அழைப்பிதழ். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையும் அப்படித்தான், இவன் கதவைத் திறந்துவைத்தால் அவன் நுழைவான். இரண்டு வண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கூன்வண்டு மரத்துக்குள்ளேயே முட்டையிட்டு, அதன் புழு மரத்தையே தின்று வளரும். வெளியே வேறு வீடு தேவையில்லை.

தீபாவளி சமயம் அடித்தண்டில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஏதோ வழிந்திருந்தது. நான் மண் தெறித்தது என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த மாதம் நடுக்குருத்து வாடியது. காதைத் தண்டில் வைத்தேன். உள்ளே நறநறவென்று, யாரோ பொரி மெல்லுகிற சத்தம். குருத்தைப் பிடித்து லேசாக இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகி, புளித்த கள் வாடை. வெட்டிப் பிளந்தபோது கால் இல்லாத கொழுத்த புழுக்கள், நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கொட்டைப்பாக்கை விடப் பெரிய கூடுகள், ஒரு கூட்டுக்குள் மூக்கு நீண்ட செம்பழுப்பு வண்டு. அதே இடத்தில் எல்லாவற்றையும் கொளுத்தினோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை என்று பெயர் வைத்தது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதிலிருந்து பச்சை மட்டையை வெட்டுவதே இல்லை. வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நான்கடி விட்டுத்தான் வெட்டுகிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். வண்டி சுற்றிக்கொண்டு போகிறது.

வெள்ளை ஈயும் நடுவில் வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட அந்தச் சுருள் வெள்ளை ஈ இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. மட்டையின் அடியில் வட்டம் வட்டமாக வெள்ளையாக முட்டையிடும், கீழே உள்ள இலைகளில் கரி பூசிய மாதிரி பூஞ்சாணம் படியும். நான் மருந்து அடிக்கவில்லை. மோட்டார் தண்ணீரை வேகமாக மட்டையின் அடிப்பக்கம் பீய்ச்சினேன், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினேன். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி அதைப் பார்த்துக்கொள்ளும், விஷம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

இப்போது 2025. வைத்த ஐந்தில் நான்கு மரம் இருக்கிறது. முழு உர அளவுக்கு வந்துவிட்டன: மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, அதை இரண்டாகப் பிரித்து ஆனியிலும் மார்கழியிலும். தண்டிலிருந்து ஆறடி தள்ளி வட்டமாகப் போட்டுக் கொத்திவிட வேண்டும். கூடவே 50 கிலோ மக்கிய எரு. அந்த எருவில் புழு இருக்கிறதா என்று கையால் உதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். குழியிலிருந்து புழுவை நாமே சுமந்துபோய் மரத்தடியில் கொட்டுகிற வேலையையும் நான் இரண்டு வருஷம் செய்திருக்கிறேன்.

போன மாதம் நான்காவது மரத்தில் முதல் பாளை வெடித்தது. குரும்பை ஏழு இருந்தது, ஆறு உதிர்ந்துவிட்டது. முதல் பாளைக்கு அப்படித்தான் என்று சித்தப்பா சொல்கிறார். அவருக்குக் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் பெஞ்ச் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை மூன்றாவது மரத்து வலையில் ஒன்று மாட்டியிருந்தது. பொட்டை. கத்தரிக்கோலால் வலையை வெட்டி எடுத்துக் கோழிக்குப் போட்டேன். கெட்டி ஓடு என்பதால் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. செருப்பால் நசுக்கினேன். குழி கிளறுகிற தவணை அடுத்த ஞாயிறு.